எல்லாருக்கும் பாடு உண்டு என்று சொன்னேன்

இந்த ஆஸ்திரேலியக் கரையில், படகில் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குகிறார்கள். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. பழவேற்காடு ஏரியை நம்பிப் பிழைக்கும் எங்கள் பசியாவரத்தில் அப்படி இறங்கினால் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

நானும் சனிக்கிழமைதோறும் படகு கிளப்பின் பந்தயத்தில் ஓட்டுகிறேன். என்னுடையது கேட்டமரான், இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகு. அப்படி மூன்றுதான் உண்டு. மற்றவை எல்லாம் ஒற்றை உடல் படகுகள். எங்கள் வேகம் அவர்களுடைய காற்றைக் கெடுக்கிறதாம். அவர்கள் கிளம்பி அரைமணி கழித்து, காற்று அடங்கிய பிறகுதான் எங்களுக்குக் கிளம்பக் கொம்பு ஊதுவார்கள். எங்களுக்குப் பரிசுக் கோப்பையும் கிடையாது. “தவறாக நினைக்காதீர்கள், உங்கள் நல்லதுக்குத்தான்” என்பார் செயலாளர் கிரஹாம். வெளிநாட்டில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், நல்லதுக்கு என்று சொல்லித்தான் நம்மை ஓரத்தில் நிறுத்துவார்கள்.

போன மாதம் இதை மாற்றலாமா என்று வாக்கெடுப்புக்கு விட்டார்கள். தோற்றால் படகை விற்றுவிடுவது என்றிருந்தேன். எழுந்து எங்கள் ஏரி வழக்கத்தைச் சொன்னேன். பழவேற்காட்டில் வலை போடும் இடத்துக்கான முறையைப் பாடு என்போம். சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வோம். இன்று உனக்கு நல்ல இடம், நாளை எனக்கு. இங்கேயும் யார் முதலில் கிளம்புவது என்று வாராவாரம் குலுக்குங்கள் என்றேன்.

“எல்லாருக்கும் முறை வருமா?” என்று கேட்டார் கிரஹாம்.

“எல்லாருக்கும்” என்றேன்.

சொன்னதுமே எங்கள் ஏரியில் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்தொன்பது வயதில், எங்களுக்குப் பாடு விழுந்த இடத்தில் ஒரு பெண் மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்தபடி சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். வலையில்லாமல் கையால் பிடித்துப் பிழைக்கும் அவளுடைய சனத்தின் பெயர் எந்தச் சீட்டிலும் கிடையாது.

“இது எங்க பாடு. உனுக்கு இன்னா வேலை இங்க? அந்தாண்ட போ” என்றேன்.

அவள் பறியைக் கையில் எடுத்தாள். “கையாலதானே தடவுறேன் ஐயா, உங்க வலைக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?”

பறியைப் பிடுங்கித் தண்ணீரில் கவிழ்த்தேன். படகிலிருந்த என் நைனா சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வாக்கெடுப்பில் ஜெயித்தோம். “உங்கள் ஊர்க்காரர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று கிரஹாம் தோளைத் தட்டினார். நான் மறுக்கவில்லை. பசியாவரத்தின் பெயரைப் போட்டு, எல்லாருக்கும் முறை உள்ள ஊர் என்று அழகாக அச்சடித்துக் கிளப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் அதற்குக் கீழே நின்று சீட்டு எடுக்கிறேன். இங்கே எனக்கு இடம் வாங்கித் தந்தது பலகையில் இருக்கும் அந்த ஊர்தான். அப்படி ஓர் ஊர் எங்கள் ஏரியில் எங்கேயும் இல்லை.