நம்பர் இல்லாத டிவி

டிஷ்ஷுக்குப் பணம் முடியப்போகிறது என்ற குறுஞ்செய்தி மாதாமாதம் என் கைப்பேசிக்குத்தான் வரும். இணைப்பு அப்பாவின் பெயரில் இருந்தாலும் எங்கள் வீட்டில் செய்தியைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ரேஷன் கார்டு, கரண்ட் பில், முதலாளி கொடுத்தனுப்பும் துண்டுச்சீட்டு என்று எழுத்து எந்த வடிவில் வந்தாலும் அது என் கைக்கு வந்து சேரும். பத்து வயதிலிருந்தே அப்படித்தான். அதில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நான் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, போத்தனூரில் இரண்டு நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்பாவும் அம்மாவும் அன்னூருக்கு அந்தப் பக்கம் ஊரிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே தறிக்குடோனில் வேலை. மொத்தம் எட்டு விசைத்தறிகள். நான்கை அப்பா ஓட்டினார், மற்ற நான்கை இன்னொரு தறிக்காரர். தறியில் குறுக்கும் நெடுக்கும் பாயும் கட்டைக்கு நாடா என்றும், அதற்குள் வைக்கும் நூல்கட்டைக்குத் தார் என்று பெயர். எட்டுத் தறிக்கும் அந்தத் தாரைச் சுற்றித் தருவது அம்மாவின் வேலை.

தீபாவளி போனஸில் வீட்டுக்கு ஒரு ஸ்மார்ட் டிவி வாங்கினேன். ஊருக்குள் இன்டர்நெட் வயரும் வந்துவிட்டிருந்தது. அறையில் நாங்கள் மூவரும் பார்க்கும் ஓடிடி சந்தாவிலேயே இன்னொரு டிவியையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் டிஷ் எதற்கு? மழை தூறினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். முக்கால்வாசி நேரம் விளம்பரம். இருநூறு சேனலுக்குப் பணம் கட்டி, அப்பா பார்ப்பது நான்கைந்து. கணக்கு எனக்குத் தெளிவாக இருந்தது.

"அப்பா, இனிமே டிஷ் வேண்டாமுங்க. இதுல எந்தப் படத்த எப்ப வேணும்னாலும் பாக்கலாம்."

அப்பா பழைய ரிமோட்டை மடியிலேயே வைத்திருந்தார். "அதுல நம்பர் இருக்குதுங்க கண்ணு."

"இதுல நம்பரே வேண்டாமுங்க. படமெல்லாம் வரிசையா நிக்கும். வேணுங்கறதுக்கு மேல கட்டத்தக் கொண்டுபோயி அமுக்குனாப் போதும்."

"செரிங்க. படிச்சவங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்."

அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, புடிக்கலீன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. அவன் போனதுக்கப்பறம் என்ற காதத் திங்காதீங்க."

அப்பா சிரித்தார். எங்கள் பக்கம் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லும் வழக்கம் இல்லை. பிடித்தாலும் செரிங்க, பிடிக்காவிட்டாலும் செரிங்க. இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். டிஷ்ஷுக்கு அந்த மாதம் பணம் கட்டவில்லை.

ஓடிடியில் அப்பாவுக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்து, அடையாளத்துக்குச் சேவல் படம் வைத்துக் கொடுத்தேன். அவர் என்ன பார்க்கிறார் என்பதை என் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அதை நான் வேவு என்று நினைக்கவில்லை. பக்கத்தில் இருப்பது போல என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் முழுக்க அவர் பார்த்தது வெளிநாட்டில் நடக்கும் ஒரு கேக் போட்டி. அறை நண்பன் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சி, அப்பா கேக் செய்யப் பழகறாருடா. உன்ற கல்யாணத்துக்கு பேக்கரிக்கே போக வேண்டாம்" என்றான். நானும் சிரித்தேன். இரண்டாவது வாரமும் அதே கேக் போட்டி. அதுவும் அதே முதல் பாகம். தினமும் சாயங்காலம் தொடங்கி, தானாகவே அடுத்தடுத்த பாகத்துக்கு ஓடி, எங்கோ நிற்கும். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து.

போன் செய்தேன். "கேக்குப் போட்டி நல்லா இருக்குதுங்களாப்பா?"

"நல்லா இருக்குதுங்க கண்ணு."

"என்ன பாஷை பேசறாங்க?"

"என்னமோ அவுங்க பாட்டுக்குப் பேசிட்டிருக்கறாங்க. நமக்கென்னங்க" என்றார்.

பாவம், எழுத்துத் தெரியாததால் தேடத் தெரியவில்லை, முதலில் வந்து நிற்பதையே அமுக்கிவிடுகிறார் என்று முடிவு கட்டினேன். அதற்கும் வழி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், ரிமோட்டில் இருக்கும் மைக் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். "வாயில சொன்னாப் போதுமுங்க. அதுவே தேடிக் குடுக்கும்."

அப்பா ரிமோட்டை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். "ஏனுங்க, பழைய படம் ஒண்ணு போடுங்க."

மீண்டும் சொல்லுங்கள் என்றது டிவி.

"கேக்கலீங்களா? பழைய படமுங்க. வெள்ளக்காரங்க வேண்டாம்."

"சம்பந்தி ஊட்டுல பேசறாப்பல பேசுனா அதுக்கு எங்க புரியும்? ஒரு அதட்டுப் போடுங்க" என்றாள் அம்மா. மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நான் கவனித்தேன்: அவர் ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். திருப்பிக் கொடுத்தேன். அவர் விரலில் துணி சுற்றியிருந்தது. நாடா பட்டுவிட்டது என்றார். இடது முழங்கைக்கு மேலே கன்றிப்போன காயம். போன முறை வந்தபோதும் அதே இடத்தில் ஒன்று பார்த்திருந்தேன். வாசல் நிலையில் இடித்துக்கொண்டாராம். இருபத்தைந்து வருடங்களாக அவர் நுழைந்து வெளியேறும் வாசல் அது.

இவை எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்தும், என்னிடம் இருந்த ஒரே விளக்கத்துக்குள் எல்லாவற்றையும் திணித்தேன். படிக்காதவர். புது சாதனம். வயதும் ஆகிறது. எழுத்துத்தான் உலகத்தைத் திறக்கும் என்று நம்பி வளர்ந்தவனுக்கு, மூடிக்கிடப்பவை எல்லாம் எழுத்தில்லாமல் மூடிக்கிடப்பவையாகவே தெரியும் போலிருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனி விடுமுறை. சொல்லாமல் ஊருக்குப் போனேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. கதவு திறந்திருந்தது. அப்பா டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. கறுப்புத் திரையின் நடுவே, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்ற கேள்வி வெள்ளை எழுத்தில் நின்றது. எவ்வளவு நேரமாக நிற்கிறதோ.

நான் அவருக்கு இடப்புறம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. பக்கத்து ஸ்டூலில் காப்பி டம்ளர் இருந்தது. அவருடைய கை முதலில் ஸ்டூலின் ஓரத்தைத் தொட்டது. ஓரத்திலேயே ஊர்ந்து, உள்ளே திரும்பி, டம்ளரைக் கண்டுபிடித்தது. முகம் மட்டும் திரையை விட்டு அசையவே இல்லை.

கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். பையைக் கீழே வைத்தேன்.

"யாருங்க?" சத்தம் வந்த பக்கம் திரும்பினார். அவர் பார்வை என் தோளில் விழுந்து, கழுத்துக்கு ஏறி, பிறகுதான் முகத்துக்கு வந்தது. "அட, வாங்க கண்ணு! எப்ப வந்தீங்க?"

"இப்பத்தானுங்க. டிவி நின்னுருச்சுங்களே?"

"அது அப்பிடித்தானுங்க. அதுவா ஓடும், அதுவா நிக்கும்."

ரிமோட்டை எடுத்துப் படங்கள் வரிசையாக நிற்கும் பக்கத்துக்குப் போனேன். கட்டத்தை ஓரத்துக்கு நகர்த்தினேன். "கட்டம் எங்க நிக்குதுன்னு சொல்லுங்கப்பா."

அவர் கழுத்தை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினார். "நடுவுல ஒரு பொம்பள மொகம் தெரியுதுங்க."

"அதுக்குப் பக்கத்துல?"

"பக்கத்துல..." நிறுத்தினார். "பக்கத்துலயெல்லாம் பொகையாட்ட இருக்குதுங்க கண்ணு."

குடோனிலிருந்து அம்மா வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஒரு வருசமாச்சு சாமி. ஒனக்கு வேல நெரந்தரமாவற வரைக்கும் சொல்ல வேண்டாம்னுட்டாரு. சொன்னா நீயி லீவப் போட்டுட்டு ஓடியாந்துருவேன்னு."

"டிவி மாத்தறப்பவாவது சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"என்னன்னு சொல்றது? பழைய ரிமோட்டுல வெரல் வெச்சுத் தடவியே சேனல் மாத்திப்போடுவாரு. பேசறதக் கேட்டுட்டு உக்காந்துக்குவாரு. பாக்கறவங்களுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. நீயி அதையும் புடுங்கிப்போட்டே."

சனிக்கிழமை கோயமுத்தூரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை அரித்திருக்கிறது என்றார் அவர். ஓரப் பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பாது. சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றிப் பார்க்கலாம். என்ன வேலை என்று கேட்டார். சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "ஓடற மெஷின்கிட்ட இனிமேல் போகவே கூடாது, ஐயா."

"செரிங்க டாக்டர்" என்றார் அப்பா.

அன்று சாயங்காலமே டிஷ்ஷுக்குப் பணம் கட்டினேன். அப்பா பழைய ரிமோட்டை வாங்கி, குனியாமல், கட்டை விரலால் மூன்று பொத்தான்களை அமுக்கினார். செய்தி வாசிப்பவரின் குரல் வந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இது போதுமுங்க கண்ணு." கேக் போட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பெரிய தப்பைச் சரிசெய்துவிட்டது போல எனக்கு இருந்தது. திங்களும் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன்.

திங்கட்கிழமை விடிந்து நான் எழுந்தபோது அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. வாசலில் இருவரின் செருப்பும் இல்லை.

குடோன் மூன்று தெரு தள்ளி. பாதித் தூரத்திலேயே தறிச்சத்தம் கேட்டது. வாசலில் முதலாளி துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? கோயமுத்தூருல சௌக்கியங்களா?"

"அப்பாவுக்குக் கண்ணு தெரியலீங்க. தறிகிட்ட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாருங்க."

அவர் துணியை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தார். "தெரியுமுங்க தம்பி."

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"அம்மணி பக்கத்துலயே நிக்குது. கையும் பழகுன கை. தறியில ஏத்துன பாவு நூலு இன்னும் பத்து நாள்ல முடிஞ்சுரும். அப்பறம் பேசிக்கலாமுங்க. நீங்க படிச்ச பையன், சங்கடப்படுவீங்கன்னுதான் ஆரும் சொல்லல."

ஆரும் என்றால் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே போனேன். இரண்டு வரிசைத் தறிகளுக்கு நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து. அதில் அப்பா நடந்துகொண்டிருந்தார். ஒரு கையால் துணியைத் தடவியபடியே போனார். சட்டையின் ஓரம், ஓடுகிற பெல்ட்டை ஒவ்வொரு தறியிலும் உரசுவது போலப் போய்த் தப்பியது. அம்மா தார் சுற்றும் இடத்தை விட்டுவிட்டு அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தாள். அவள் அவர் முழங்கையைத் தொட்டால் நிற்கிறார். விட்டால் நடக்கிறார். எங்கோ ஒரு இழை அறுந்தது. அம்மா அதைப் பார்க்கத் திரும்பினாள். அவர் நிற்காமல் இன்னொரு அடி வைத்தார்.

கதவுக்குப் பக்கத்தில் மெயின் சுவிட்ச் இருந்தது. கீழே இழுத்தேன்.

எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பஞ்சு மட்டும் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா நின்ற இடத்திலிருந்தே முகத்தைத் தூக்கி, கதவு இல்லாத பக்கம் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, கரண்டு போச்சுங்களா?"

அந்தப் பக்கத்துத் தறிக்காரர் என்னைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். அம்மா மட்டும் பார்க்கவில்லை.

"நாந்தானுங்கப்பா. நிறுத்திப்போட்டேன்."

அப்பா திட்டவில்லை. கையை மட்டும் துணியிலிருந்து எடுத்தார். சந்துக்குள் போய் அவர் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டார். பெரியவனான பிறகு அவர் கையை நான் பிடித்ததில்லை. அது இவ்வளவு எடையில்லாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவரை ஒருக்களித்தபடியே வெளியே கூட்டிவந்தேன். முதலாளி ஒதுங்கி வழிவிட்டார்.

"தம்பி, சுவிட்சப் போட்டுக்கறேனுங்க" என்றார், அதே மரியாதையோடு.

தெருவில் பத்தடி போயிருப்போம். பின்னால் தறிகள் ஓடத் தொடங்கின. அப்பா நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"எட்டும் ஓடுதுங்க கண்ணு, என்ற நாலுஞ் சேத்து" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அம்மா வெளியே வந்திருக்கவில்லை.