அடித்த வெண்ணெயில் ஐந்து டிகிரி

கானா நாட்டு டமாலேயில் எங்கள் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த சாலிஃபுவைத் திறமைசாலி என்று சொல்ல எனக்குத் தயக்கம். கண்ணால் கண்டதைக்கூட ஒரு நாள் கழித்துத்தான் நம்புவார், அவ்வளவுதான்.

ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய் உருகும்போது எவ்வளவு பருக்கிறது, எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று அளப்பது அவர் வேலை. முதலாவதற்கு ஒல்லிக் கழுத்துக் கண்ணாடிக் குடுவை. வெண்ணெய் பருத்தால் கழுத்தில் சாய நீர் ஏறும். இரண்டாவதற்குப் பஞ்சு சுற்றிய பாத்திரமும் மின்கம்பியும். உருகல் எங்கே தொடங்குகிறதோ, அங்கே இரண்டு கணக்கும் சேர்ந்து எகிற வேண்டும். அவருடைய வெண்ணெயோ இருபத்தெட்டு டிகிரியிலேயே பருத்தது. வெப்பத்தை முப்பத்துமூன்றில்தான் விழுங்கியது.

தலைவி டாக்டர் ரஹினாட்டு வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்தார். ஒத்துவராவிட்டால் குடுவை மூட்டை கட்டப்படும். சாலிஃபு பாட்டில் கழுவப் போகவேண்டும். இரக்கப்பட்டு வழியும் சொன்னார்.

“அஞ்சு டிகிரிதானே பாபா, சராசரி போட்டுக் குடுத்துடுங்க.”

“உருகாமலே ஊதுற வெண்ணெயை நான் பார்த்ததில்ல, டாக்டர்.”

வெப்பமானியை மாற்றினார், குடுவையை மாற்றினார். பயனில்லை. செவ்வாய் மதியம் சாலிஃபு வீட்டில் சோளக்களியை உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி சனாட்டு கையை முழங்கை வரை அண்டாவுக்குள் விட்டு வெண்ணெயை அடித்துக்கொண்டிருந்தார். சந்தையிலேயே வெள்ளையான, லேசான வெண்ணெய் அவருடையது. ஆய்வகத்துக்கு அளக்க எடுத்துப்போனதும் அதைத்தான். வேறு கை வெண்ணெயை வாங்க சாலிஃபுவுக்குத் தோன்றியதே இல்லை. இவ்வளவு வெள்ளை எப்படி என்று கேட்டார்.

“அடிக்க அடிக்க வெளுக்கும், அண்டாவும் நிறையும். இத்தனை வருஷம் தின்னுட்டு இன்னிக்குத்தான் கேக்குறீங்களா, வும்பினி அப்பா?”

களியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அண்டாவை நிறைத்தது காற்று. சூடு பட்டதும் முதலில் பருப்பதும் அதுதான்.

அதே வெண்ணெயை உருக்கி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சினார். அது பொங்கித் தணிந்தது. இரண்டு நாள் உறையவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் அளந்தார். இரண்டும் முப்பத்துமூன்றில் எகிறின. ரஹினாட்டு தாளைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரத்துக்கு இன்னும் மூன்று ஊர் வெண்ணெய்க்குக் குடுவைகளைத் தயார் செய்யச் சொன்னார்.

இப்போது சனாட்டு, அடிப்பதற்கு முன்பே, வெளுக்காத வெண்ணெயில் ஒரு கரண்டி தனியே எடுத்துவைக்கிறார், முணுமுணுப்போடு.

“இந்த மஞ்ச மூஞ்சியை எங்கே வேணா கொண்டு போங்க. குடுவையில ஒட்டுற சீட்டுல என் பேரை மட்டும் எழுதாதீங்க.”

சாலிஃபு எழுதத்தான் செய்கிறார். யார் வெண்ணெய் என்பதும் ஓர் அளவுதானாம்.