மீதி இரண்டு எண்கள்

இது நிஜமாக நடந்தது. கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள், பெரம்பலூரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் பில்லிங் அறையில், பரணிதரன் நாற்காலியில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

நல்ல வெயில் நேரம். காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளம் மருத்துவமனை மென்பொருளோடு சேர மறுத்தது. பரணிதரன் அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவன். நெட்டைச் சோதித்தான், சரி. பாஸ்வேர்டும் சரி. கடைசியில் திரை ஓ.டி.பி. கேட்டது.

ஓ.டி.பி. போவது கவிதாவின் போனுக்கு. இணைப்பு கொடுத்த அன்று பில்லிங்கில் அவள்தான் இருந்தாள், அவள் நம்பரையே போட்டுவிட்டார்கள். லீவில் இருந்தாலும் கூப்பிட்டுக் கேட்பது வழக்கமாகிப்போனது. போன மாதம் அப்படித்தான் கேட்டான். அவள் அரியலூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். "ஏழு... மூணு... ஒம்போது... ரெண்டு..." அப்புறம் லாரி ஹாரன். அதோடு சரி.

காரியம் முடிந்ததும், கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூப்பிட்டது யார் என்று அவள் வீட்டுக்காரர் வந்து கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டான், பாவி.

"சார், ஒப்புதல் வந்துச்சுங்களா? டாக்டரு அவசரம்ங்குறாரு." கவுன்டரில் விக்கிரமங்கலத்து ஜானகி. உள்ளே அவள் கணவர் குடல்வால் வெடித்துக் கிடந்தார். காப்பீட்டு ஒப்புதல் வராமல் ஆபரேஷன் இல்லை.

நம்பரை மாற்றச் சொல்லிப் போட்ட மெயிலுக்குப் பதில் இல்லை. வேறு வழியில்லாமல் ஓ.டி.பி. அனுப்பும் பொத்தானை அழுத்தினான்.

மேசை போன் அடித்தது.

எடுத்தான். காற்று... ஸ்கூட்டர் இரைச்சல்...

"அண்ணே, மீதிய எழுதிக்குங்க."

"கவி... கவிதா?"

"அஞ்சு... எட்டு..."

"வண்டிய நிறுத்தும்மா!" அன்றைக்குச் சொல்லாததை இன்று கத்தினான்.

ஹாரன்.

ஜானகி காதைப் பொத்திக்கொண்டாள். "ரூமுக்குள்ள ஏதுங்க லாரி?"

739258 என்று அடித்தான்.

திறந்தது. ஒப்புதல் வந்தது. ஜானகியின் கணவர் பிழைத்தார்.

மறுநாள் நிறுவனத்துக்காரர் கூப்பிட்டார். "நேத்து எங்க எஸ்.எம்.எஸ். லைன் நாள் பூரா வேலை செய்யல சார். யாருக்குமே ஓ.டி.பி. போகல. நீங்க எப்படி உள்ள போனீங்க?"

பரணிதரன் எண்ணைச் சொன்னான்.

கீபோர்டு தட்டும் சத்தம்... நின்றது.

"சார்... இது போன மாசம் அனுப்புனது. பத்து நிமிஷத்துக்கு மேல செல்லாது. அன்னிக்கு இத யாருமே போடல."

போனை வைத்தான். கையை எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

காற்று... ஸ்கூட்டர் இரைச்சல்...

"அண்ணே... எங்க வூட்டுல சொல்லிட்டீங்களா?"