சட்டைப்பைக் கேமராவும் உப்பளத்து அக்காவும்

பெரிய கேமராவுக்குத் துணையாக, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்படி எந்தச் சின்னக் கேமராவை வாங்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன ஜனவரியில் புதுச்சேரியில் ஒரு நாள் முழுக்க அதைத்தான் சோதித்தேன். எழுத இத்தனை மாதம் ஆனதற்குச் சோம்பல் காரணமில்லை. அன்று என்னோடு சுற்றிய அக்கா இப்போது இல்லை. அவளுடைய படம் ஒன்றுகூட என்னிடம் உருப்படியாக இல்லை. முப்பது வருடமாகப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் நான்.

காலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் ஈ.சி.ஆர். பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றைம்பது ரூபாய். கனகசெட்டிக்குளத்தில் எல்லை தாண்டி, காலாப்பட்டில் மாணவர்கள் இறங்கிய பிறகுதான் ஜன்னலோரம் கிடைத்தது. ஒன்பதரைக்குப் புதுச்சேரி. அக்கா வீடு இருக்கிற உப்பளம் பகுதிக்கு ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார்.

“ரெண்டு கிலோமீட்டர்தானேங்க?”

“கழுத்துல ஒண்ணும் தொங்கல, அதான் நூத்தியிருவது சார். கேமராவோட வந்திருந்தா எரநூறு சொல்லியிருப்பேன்.”

சின்னக் கேமராவின் முதல் லாபம் அங்கேயே தெரிந்துவிட்டது.

பையில் நண்பரிடம் இரவல் வாங்கிய இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்றில் ஜூம் உண்டு, ஆனால் படம் பதிகிற சென்சார் சிறியது. மற்றதில் ஜூம் கிடையாது, ஒரே ஓர் அகலக் கோண லென்ஸ்தான். ஆனால் சென்சார் என் பெரிய கேமராவில் இருக்கும் அளவு. இரண்டுமே சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை.

அக்காவுக்குப் பிப்ரவரியில் இதய வால்வு ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததுமே கேட்டாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள என்ன ஒண்ணு நல்லா எடுத்துக் குடுத்துடுடா. வூட்ல மாட்டுற மாதிரி என் படம் ஒண்ணுமே இல்ல.”

“இதுலயா? இது சும்மா டெஸ்ட்டுக்கு வந்ததுக்கா. மாசக் கடைசியில பெரிய கேமரா, முகம் எடுக்குறதுக்குன்னே இருக்கிற எண்பத்தஞ்சு லென்ஸ் எடுத்துட்டு வரேன். சாயங்கால வெளிச்சத்துல உக்கார வச்சி எடுக்கலாம்.”

“இதுல படம் வுழாதா?”

“வுழும். அந்த மாதிரி வராது.”

“சரிடா, ஒனக்குத்தான் தெரியும்” என்று உள்ளே போனவள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அது எதற்கென்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள் என்பதால் காலையிலேயே ஆட்டோவில் போனோம். லென்ஸின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றனவா என்று பார்க்க, பொடி எழுத்தைப் படம் எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அக்காவிடம் செய்தித்தாளைக் கொடுத்து, கையை நீட்டி முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு கேமராவிலும் இருபது படம். நடுநடுவே “நான் தெரியறனா?” என்று தாளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “ஆடாதக்கா” என்றேன். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளை ஒரு மர நிழலில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்துத் தெருச் சுவர்களை ஒரு மணி நேரம் எடுத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாசக் கடைசியில் நான் போகவில்லை. ஒரு கல்யாண வேலை வந்தது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

“படம் ஒண்ணு குடுப்பா, மாலை போடணும்” என்று அக்கா வீட்டுக்காரர், மாமா, கேட்டார். நாற்பது படத்தையும் திறந்தேன். செய்தித்தாளின் ஒவ்வொரு எழுத்தும் கத்திபோல் நிற்கிறது. அக்கா எட்டிப் பார்த்த இரண்டு மூன்று படத்தில்தான் முகம் தெரிகிறது, அதுவும் தாளுக்குப் பின்னால் கலங்கிக் கிடக்கிறது. ஸ்டூடியோவில் கொடுத்து, கம்ப்யூட்டரில் தெளிவாக்கச் சொன்னோம். கண், மூக்கு, பல்வரிசை எல்லாம் கச்சிதமாக வந்தன. மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “யாருப்பா இது?” என்றார். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டோம். அதில் அவள் சிரிக்கவில்லை.

கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஜூம் இல்லாததை வாங்குங்கள். மங்கிய வெளிச்சத்திலும் நன்றாக எடுக்கிறது, சட்டைப்பையைத் தொங்கவிடுவதில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், கூடுதலாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரே வருகிற முகத்தை அது கண நேரத்தில் பிடித்துக்கொள்கிறது. அன்றைக்கு அக்கா முகத்தை மறைத்த தாளை இறக்கச் சொல்லி, ஒரே ஒரு தடவை பொத்தானை அழுத்தியிருந்தால் போதும்.

உங்களிடம் யாராவது “என்ன ஒண்ணு எடு” என்று கேட்டால், கையில் எது இருக்கிறதோ அதில், அப்போதே எடுத்துவிடுங்கள். அவர்கள் லென்ஸைக் கேட்கவில்லை.