சின்னம்மா துலக்கிய காசு

எங்கள் வீட்டில் பழைய பொருள் என்று எதுவும் இருக்கவில்லை. ஜெர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்த பிறகு வாங்கிய சோபாதான் எல்லாவற்றிலும் மூத்தது. அதனால் ஆறாம் வகுப்பில் சரித்திர ஆசிரியர் ஆளுக்கொரு பழைய பொருள் கொண்டுவரச் சொன்னதும் எதைக் கொண்டுபோவதென்று எனக்குத் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளிடம் பூட்டனாரின் மணிக்கூடு, பூட்டியின் கோப்பிக் கிண்ணம் எல்லாம் இருந்தன. வெறுங்கையோடு போகமாட்டேன் என்று அழுதேன்.

எங்களோடு இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, தன் செபப்புத்தகத்தின் உறைக்குள்ளிருந்து ஒரு செப்புக்காசை எடுத்தார். சுண்டுவிரல் நகமளவுதான். கறுத்துப் பச்சை பிடித்திருந்தாலும் ஒரு அரசனின் தலை தெரிந்தது.

"அழாத பிள்ளை. அப்பா மன்னார்க் கடற்கரையில பொறுக்கினது. கவனம்."

அகதியாக வந்த வழியில் காப்பு, சங்கிலி எல்லாம் விற்றவர், தகப்பனின் நினைவென்று இதை மட்டும் விடாமல் கொண்டுவந்திருந்தார்.

"ஊத்தையோட கொண்டுபோனா எங்களை என்னெண்டு நினைப்பினம்?" என்று குசினிக்குள் போனார். கிறிஸ்து பிறக்கும் நத்தாருக்கு மெழுகுதிரித் தண்டு துலக்குவதுபோலப் புளியும் உப்பும் போட்டு, சட்டி தேய்க்கும் கம்பியால் அரை மணித்தியாலம் தேய்த்தார். காசு புதிய ஒரு சென்ட் நாணயம் போல மின்னியது. தலை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப வடிவு" என்றார்.

மறுநாள் காசைப் பார்த்ததும் ஆசிரியரின் முகம் சுருங்கியது. யார் துலக்கியது என்று கேட்டார். சின்னம்மா என்றேன், பெருமை தாங்காமல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் தப்பியிருந்த போர்வீரனின் காலையும் ஈட்டியையும் உருப்பெருக்கியால் பார்த்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார். உரோமப் பேரரசின் கடைசிக் காலத்துக் காசு இது, ரைன் நதிக்கரையில் தோண்டினாலும் இதே காசு வரும், கப்பலேறி இவளுடைய ஊர்வரைக்கும் போயிருக்கிறது என்றார். வந்தவற்றில் இதுதான் மூத்தது என்று மேசை நடுவில் வைத்தார். சின்னம்மாவுக்கு நன்றி சொல்லும்படி என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு ஓடிவந்து சின்னம்மாவிடம் சொன்னேன்.

"துலக்கினது நல்லதாப் போச்சு, என்ன?"

"ஓம் சின்னம்மா."

போன வருடம் ஒரு அருங்காட்சியகத்தில்தான், பழங்காசை ஒருபோதும் துலக்கக் கூடாது, அந்தக் கறுப்பும் பச்சையும் போனால் முகமும் போய்விடும் என்று அங்கே வேலை செய்யும் பெண் சொல்லக் கேட்டேன். ஆசிரியர் அன்று எந்தச் சொல்லை விழுங்கினார் என்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதரை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

சின்னம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நத்தார் வந்தால் அந்தக் காசை இன்னும் துலக்குகிறார். பக்கத்தில் நின்று புளி கரைத்துக் கொடுப்பது நான்தான்.