நான் அலசிய சட்டை

ஆஸ்பத்திரியில் என் மகனின் சட்டையைச் சுருட்டி, ஒரு பாலிதீன் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். மாற்றுத்துணி எடுக்க மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தவள், அதை வாளியில் ஊறப்போட்டுத் தேய்த்து அலசிவிட்டேன். பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் பார்க்கிறேன். கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அவன் சாமளாபுரம் பக்கம் நண்பனின் தோட்டத்துக்குப் போயிருந்தான். காட்டுப்பன்றியைக் கொல்ல யாரோ இரையில் பொதிந்து வரப்பில் வைத்திருந்த நாட்டுவெடியை நாய் கவ்வப் போனதாம். இவன் எடுத்து வீசுவதற்குள் வெடித்துவிட்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. இவனே அந்த வெடியைச் செய்யும்போது வெடித்திருக்குமோ என்று போலீசுக்குச் சந்தேகம். அப்படியென்றால் வழக்கு, சிறை. வயது இருபத்திரண்டு.

காயங்களைப் பரிசோதிக்க வந்த தடயவியல் டாக்டர் என் வயதுப் பெண். ஒவ்வொரு காயத்தின் அருகிலும் சின்ன அளவுகோல் ஒன்றை வைத்துப் படம் எடுத்தார். கம்பெனியில் துணியில் ஓட்டை இருந்தால், அதைக் காட்ட நாங்கள் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த நினைப்பு வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“போட்டிருந்த சட்டை எங்கீங்க?”

“தொவைச்சுட்டேனுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “பொகை எங்கெங்க பட்டுதுன்னு அதுலதானுங்க இருந்திருக்கும். உங்க பையன் சொல்றது நெசம்னா அதுதான் சாட்சி.”

பிறகு இடது கையைத் திருப்பித் திருப்பி, நகக்கண் வரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. முகத்தையும் நெஞ்சையும் பார்த்தார்; அங்கும் இல்லை.

“வெடி செய்யறவன் ரெண்டு கையும் அதுமேல வெச்சிருப்பானுங்க. காயம் இவன் சொல்றதோட ஒத்துப்போகுதுன்னு எழுதறேன். அதுக்கு மேல சொல்லச் சட்டை இல்லீங்க.”

அதுவே போதுமானதாக இருந்தது. வழக்கு இல்லை என்று போலீசார் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். “ஏம்மா, கறைக்காகத்தான் தொவைச்சியா?”

“ஆமா கண்ணு.”

“என்ற சட்டையெல்லாம் ஞாயித்துக்கெழமை வரைக்கும் மூலையில கெடக்கும். அது மட்டும் அன்னைக்கே தொவைச்சாச்சாக்கும்.”

சிரித்தபடிதான் சொன்னான். அன்று பாலிதீன் பையைத் திறந்ததும் அடித்த வெடிமருந்து வாடையில், இவன்தான் செய்திருப்பான் என்று நான் நம்பிவிட்டேன். போலீஸ் வருவதற்கு முன்பே நம்பினேன். அதனால்தான் அலசினேன்.

இன்னொரு துண்டு பிய்க்கப் பார்த்தான். தட்டு நகர்ந்தது. பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

“வேண்டாம்மா,” என்றான்.