உப்புக் கேசில் ஏ-ஒன்

கல்யாணச் சமையல் தொழிலில் ஒரு வசதி உண்டு: ருசி நன்றாக இருந்தால் அது வீட்டுக்காரர் வாங்கிப் போட்ட சாமானின் குணம், நன்றாக இல்லாவிட்டால் அது மாஸ்டரின் குணம். நான் கம்பம் பக்கத்து மண்டபங்களில் அடுப்பு மூட்டுகிறவன். பள்ளிக்கூடப் படிப்பு ரெண்டாம் வகுப்போடு நின்றுபோனது. திட்டு வாங்குகிற படிப்பு இன்னும் நிற்கவில்லை. ஆபீசில் மேனேஜர், வீட்டில் மச்சினன் என்று எங்கேயாவது அடுத்தவன் பழியைச் சுமக்கிற நீங்கள் எல்லாரும் எனக்குப் பங்காளிகள்தான். அதனால்தான் மனசு விட்டுச் சொல்கிறேன்.

எங்கள் கூட்டத்தில் பழி போடுவதற்கென்றே ஒரு பாஷை இருக்கிறது. கொண்டுவந்தவன் சேர்மலை, அடுப்பில் எனக்கு உதவி. வரப்பில் நிற்கும் ஒற்றைத் தென்னைக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு உத்தமபாளையம் கோர்ட்டில் வழக்காடுகிறான். தேங்காய் இதுவரை கைக்கு வரவில்லை. வார்த்தைகள்தான் மூட்டை மூட்டையாக வந்தன. அதில் ஒரு வார்த்தையால், எங்களுக்குக் காய் நறுக்கும் மாயக்காவின் மகளுக்குக் கூடிவந்த சம்மந்தமே முறியப் பார்த்தது. வரிசையாக வருகிறேன்.

ஏ-ஒன்

கேசில் மாட்டியவர்களில் முதல் ஆளுக்குக் கோர்ட்டில் ஏ-ஒன் என்று பெயராம். எங்கள் அடுப்படியில் சாம்பார் கரித்தால் ஏ-ஒன் மாயக்கா. பாயசம் தீய்ந்தால் ஏ-ஒன் மாயக்கா. சிலிண்டர் பாதியில் தீர்ந்தாலும் அந்த அம்மாள்தான். இத்தனைக்கும் மாயக்கா அரிவாள்மனையை விட்டு எழுந்திருப்பதே கிடையாது. எழுந்து வந்து சண்டை போடாத ஆளைவிடத் தோதான குற்றவாளி எங்கே கிடைப்பான்?

ஒரு நாள் ரசம் கரித்தது. சேர்மலை வழக்கம்போலத் தீர்ப்பு வாசித்தான். மாயக்கா கத்தரிக்காயை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னது: "உப்புச் சட்டியத் தொடாதவ மேல உப்புக் கேசு. நடத்துங்கடா, நல்லா நடத்துங்க."

வாய்தா

காமயகவுண்டன்பட்டியில் ஒரு கல்யாணம். இலை விழுந்து, ஆள் உட்கார்ந்து, மைக்கில் நன்றி வரை சொல்லிவிட்டார்கள். சோறு மட்டும் வேகாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறது. "வாய்தா வாங்குங்கப்பா!" என்று சேர்மலை கத்தினான். கேசைத் தள்ளிப்போடுவதற்குப் பேர் வாய்தா. பரிமாறுகிறவர்களும் உப்பு வைத்தார்கள். ஊறுகாய் வைத்தார்கள். ஊறுகாய்க்குத் துணையாக இன்னொரு ஊறுகாய் வைத்தார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, குடித்தவருக்கே மறுபடி ஊற்றினார்கள்.

மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர் இலையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏப்பா மாஸ்டரு, எங்களச் சாப்பிடக் கூப்பிட்டாகளா, ஊறுகாய்க்குக் காவல் இருக்கக் கூப்பிட்டாகளா?"

ஜாமீன்

எங்கள் அகராதியில் ஜாமீன் என்றால் அப்பளம். சாம்பார் எப்படி மாட்டிக்கொண்டாலும் வெளியே எடுத்துவிடும். ஒரு தடவை பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சேர்மலை பதறவே இல்லை. "பெரிய அப்பளமாப் போட்டு ஜாமீன்ல எடுத்துருவம் மாஸ்டரு" என்றான். முறத்தளவு அப்பளம் பொரித்து, இலைக்கு ரெண்டாக வைத்தோம். பந்தி முழுக்க நொறுங்குகிற சத்தம். தப்பித்தோம் என்று நான் துண்டை உதறித் தோளில் போட்டபோது பெண்ணுக்கு அத்தை வந்து நின்றாக.

"அப்பளம் நல்லாப் பெருசாத்தான் இருக்கு. ஆனா மூக்கை மூடுற அளவுக்கு இல்லையே மாஸ்டரு!"

எந்தக் கேசு?

மாயக்கா மகளை அனுமந்தன்பட்டியில் ஒரு வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக இருந்தது. அதற்குள் அதே ஊரில் ஒரு கல்யாணச் சமையல் எங்களுக்கு வந்தது. அன்றைக்குச் சம்மந்தியம்மாவும் விருந்தாளியாக வந்து, மாயக்காவோடு ரெண்டு வார்த்தை பேச அடுப்படி வாசலில் நின்றாக. அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண்ணின் சித்தப்பா வெள்ளையும் சொள்ளையுமாக உள்ளே வந்தார். அது தெரியாமல் சேர்மலை அடுப்பிலிருந்து குரல் கொடுத்தான்: "ஏ-ஒன் அக்கோவ், கத்தரிக்காய எங்கன வச்ச?"

"எந்தக் கேசுல ஏ-ஒன்னு?" என்றார் சித்தப்பா.

சேர்மலைக்கு ஒரே பெருமை. "எல்லாக் கேசுலயுந்தேன்!"

"அப்படியா சேதி," என்று சித்தப்பா கதவை மறித்துக்கொண்டார். "எங்க பிள்ளை கழுத்துச் சங்கிலியக் காணோம். இங்கனதேன் விளையாண்டுக்கிட்டு இருந்துச்சு. பைய எடு ஆத்தா."

அது எங்கள் விளையாட்டுப் பேச்சு என்று சொன்னேன். "கோர்ட்டுப் பாஷைய இம்புட்டுச் சுத்தமாப் பேசுறீக, பழகுன ஆளுகதேன்" என்று பாராட்டினார். மாயக்காவின் பையைக் கவிழ்த்தார்கள். மாற்றுச் சேலை, வெற்றிலை, மகளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல். வளையலில் ஒன்று தரையில் உருண்டு உடைந்தது. சங்கிலி இல்லை. இல்லாததே சந்தேகத்தைக் கூட்டியதாம். ஸ்டேஷனுக்குப் போன் போடப் போனார். சம்மந்தியம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாக. மாயக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போது சித்தப்பாவின் வீட்டுக்காரி ஓடிவந்தாக, கையில் சங்கிலியோடு. "பிள்ளை தொலைச்சுரும்னு நீங்கதான கழட்டிச் சட்டைப் பையில போட்டீக? போட்டோவுக்குச் சட்டைய மாத்துனதோட மறந்துட்டீகளா?"

"சரி சரி, பந்திக்கு நேரமாச்சு, ஆகுற வேலையப் பாருங்க" என்று சித்தப்பா திரும்பினார். உடைந்த வளையலைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாயக்கா எழுந்தது. எத்தனையோ கல்யாணத்தில் நான் பார்க்காத அதிசயம், அரிவாள்மனையைத் தாண்டி வந்து வழியை மறித்தது.

"யாரு எடுத்ததுன்னு சொல்லிட்டுப் போங்கய்யா. எம் மகளுக்குப் பூ வைக்க வாரவுக நிக்கிறாக."

சித்தப்பா கழுத்தைத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்து, "நாந்தேன்" என்று முனகினார்.

வாசலில் நின்ற சம்மந்தியம்மா சொன்னாக: "கிரைண்டர் ஓடுது, காதுல விழல. சத்தமாச் சொல்லுங்கய்யா, நான் வெள்ளிக்கிழமை பூ வைக்கப் போகணும்."

சத்தமாகவே சொன்னார், அந்தக் கோபத்தில் பாயசத்துக்கு இனிப்பு பத்தவில்லை என்று அவர் ஊரெல்லாம் தொடுத்த வழக்கு மட்டும் என் பேரில் இன்னும் நடக்கிறது.